ஹார்ட் டிஸ்க் எழும்பலையா? உடனே ஃபார்மட் பண்ணாதீங்க!



கம்ப்யூட்டரை ஆன் பண்ணுகிறோம். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் கம்பெனி பெயரும் வருகிறது. அடுத்து விண்டோஸ் வரணும். வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிடுகிறது. அந்த வரியை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவர் "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். அதற்குப் பக்கத்தில் நிற்கிறவர் "ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்" என்பார். நன்றாக இருந்த எத்தனையோ ஃபைல்கள் இந்த இரண்டு பேச்சால்தான் அழிந்து போகின்றன.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்பது ஒரு விஷயம். அதற்குள் நாம் வைத்திருக்கிற கணக்கு, படம், பாடம் எல்லாம் போய்விட்டது என்பது வேறு விஷயம். கதவுப் பூட்டில் சாவி திரும்பலைன்னா வீட்டுக்குள்ள பீரோவே காலின்னு யாராவது சொல்வாங்களா? பூட்டை மட்டும் பார்ப்போம் இல்லையா? அதே மாதிரிதான் இதையும் பார்க்கணும். எங்கே நின்றது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முதலில் கம்ப்யூட்டர் எப்படி எழுந்திருக்கிறது என்று தெரியணும்.

எங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்திருப்பது பாட்டி. பாட்டியை யாரும் எழுப்ப வேண்டாம், தானாகவே எழுந்துவிடுவாங்க. பாட்டி அம்மாவை எழுப்புவாங்க. அம்மா என்னை எழுப்புவாங்க. நான் தம்பியை எழுப்பணும். தம்பி எழுந்திருக்கத்தான் ரொம்ப நேரம் ஆகும், ஆனால் அவன் எழுந்தபிறகுதான் வீட்டில் சத்தமே ஆரம்பிக்கும். கம்ப்யூட்டரிலும் இப்படி நாலு பேர் வரிசையாக இருக்கிறார்கள். ஒருத்தர் அடுத்தவரை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

பாட்டிதான் பயாஸ். இது ஹார்ட் டிஸ்க்கில் இல்லை. மதர்போர்டில் ஒரு சின்ன சிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாது. சுவிட்ச் போட்டதும் பிராசசர் முதலில் படிப்பது இதைத்தான். பயாஸ் நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று ஒரு ரவுண்டு சரிபார்க்கும். எல்லாம் சரியென்றால் சில கம்ப்யூட்டர்களில் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு தன்னிடம் இருக்கிற பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு கதவாகத் தட்டும். முதலில் சிடி, அடுத்து பென்டிரைவ், அடுத்து ஹார்ட் டிஸ்க் என்று வரிசை இருக்கும். இந்த வரிசையை நாமே மாற்றலாம்.

ஹார்ட் டிஸ்க் கதவைத் தட்டும்போது பயாஸ் டிஸ்க் முழுவதையும் படிப்பதில்லை. முதல் செக்டாரை மட்டும்தான் படிக்கும். அது வெறும் 512 பைட். நம்ம தமிழ் நோட்டில் ஒரு பத்தி எழுதும் அளவுகூடத் தேறாது. அந்த 512 பைட்டில் 446 பைட் ஒரு குட்டி நிரல். 64 பைட், டிஸ்க் எத்தனை பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் அட்டவணை. கடைசி 2 பைட் ஒரு முத்திரை. கூட்டிப் பாருங்கள், சரியாக 512 வரும். ஒரு பகுதியின் விவரம் எழுத 16 பைட் வேண்டும் என்பதால் 64 பைட்டில் நாலு பகுதிக்குத்தான் இடம். கடைசி முத்திரை இல்லையென்றால், "இது எழுப்புகிற டிஸ்க் இல்லை" என்று பயாஸ் அடுத்த கதவுக்குப் போய்விடும்.

இந்த முதல் செக்டாருக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்று பெயர். 1981இல் ஐபிஎம் கம்பெனி விட்ட முதல் பிசியில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. 1983இல் வந்த பிசி எக்ஸ்டியில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதே வருஷம் வந்த டாஸ் 2.0இல்தான் இந்த ஏற்பாடு வந்தது. 10 மெகாபைட் டிஸ்க்குக்காகப் போட்ட ஏற்பாடு அதற்கப்புறம் முப்பது வருஷம்போல ஓடியது!

இந்த 446 பைட் நிரல்தான் அம்மா. அம்மா அட்டவணையைப் பார்த்து, எந்தப் பகுதிக்கு 'இதிலிருந்து கிளம்பு' என்ற குறி போட்டிருக்கிறதோ, அந்தப் பகுதியின் முதல் செக்டாரைப் படித்து என்னை எழுப்புவாங்க. அதாவது அந்தப் பகுதியின் பூட் செக்டார். அது பூட் லோடர் என்கிற பெரிய நிரலைத் தேடிக் கண்டுபிடிக்கும். பூட் லோடர் கடைசியில் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பும். தம்பி எழுந்தாச்சு!

'பூட்' என்கிற வார்த்தைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. நாம் காலில் போடுகிற பூட்ஸ்தான் அது. பூட்ஸின் பின்பக்கம் இழுத்து மாட்ட ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. நடக்காத காரியத்துக்கு அப்படிச் சொல்வார்களாம். கம்ப்யூட்டர் தன்னைத் தானே எழுப்பிக்கொள்வதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இப்போது திரையில் வரும் அந்த ஒரு வரிக்கு வருவோம். அந்த வரியைச் சொல்வது யார்? இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்றோ, "டிஸ்க் பூட் ஃபெயிலியர்" என்றோ, "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்றோ வந்தால் பேசுவது பாட்டி, அதாவது பயாஸ். எல்லாக் கதவையும் தட்டினேன், யாரும் எழும்பவில்லை என்று சொல்கிறது. டிஸ்க்குக்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம், பட்டியல் மாறியிருக்கலாம், டிஸ்க் நிஜமாகவே கெட்டிருக்கலாம். காரணம் நிறைய.

"மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்", "இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்", "எரர் லோடிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று வந்தால் பேசுவது அம்மா. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த மூன்று வாக்கியமும் அந்த 446 பைட்டுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டவை. அதாவது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அதைத் திரையில் நாம் படிக்க முடிகிறது என்றால் என்ன அர்த்தம்? டிஸ்க் சுற்றுகிறது, முதல் செக்டாரைப் படிக்கவும் முடிந்திருக்கிறது! "டிஸ்க் போச்சு" என்று சொல்கிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். போன டிஸ்க் எப்படிங்க பேசும்?

"என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று வந்தால் அது விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மெஷின். "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றால் 2007இல் வந்த விஸ்டாவோ அதற்குப் பிந்தைய விண்டோஸோ. இந்த இரண்டையும் சொல்வது பகுதியின் பூட் செக்டார், அதாவது நான். சங்கிலி இன்னும் ஒரு படி முன்னால் வந்து நின்றிருக்கிறது. விண்டோஸ் படம் வந்து, புள்ளிகள் சுற்றி, பிறகு நீலத் திரை வந்தால் தம்பி எழுந்து உட்கார்ந்து மறுபடி படுத்துவிட்டான் என்று அர்த்தம்.

திரையே வரவில்லை, பீப் பீப் என்று பல முறை கத்துகிறது என்றால் ஹார்ட் டிஸ்க்கைத் திட்டாதீங்க. பாட்டிக்கே உடம்பு சரியில்லை. நினைவகக் குச்சி சரியாக உட்காராதது பெரும்பாலும் காரணமாக இருக்கும். அது வேறு பாடம்.

சரி, வரியை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாச்சு. அடுத்து என்ன செய்வது?

முதல் வேலை சிரிப்பாக இருக்கும். சொருகியிருக்கிற பென்டிரைவ், சிடி, மெமரி கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி ஆன் பண்ணுங்கள். வரிசையில் பென்டிரைவ் முதலில் இருந்தால் பயாஸ் அதைத்தான் முதலில் தட்டும். பென்டிரைவிலும் ஒரு பூட் செக்டார் உண்டு. அதில் விண்டோஸ் இல்லாததால் "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றோ "ரிமூவ் டிஸ்க்ஸ்" என்றோ அது சொல்லும். நாம் அது ஹார்ட் டிஸ்க் சொன்னது என்று நினைத்துக்கொள்வோம். தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நம்ம வீட்டில் ஆளில்லை என்று அழுத மாதிரி.

அதிலும் சரியாகவில்லை என்றால் பயாஸ் செட்டப்புக்குள் போய்ப் பார்க்கணும். ஆன் பண்ணியதும் டெலிட் கீயையோ எஃப் 2 கீயையோ விட்டு விட்டு அழுத்தணும். எந்தக் கீ என்று முதல் திரையின் ஓரத்தில் பெரும்பாலும் போட்டிருக்கும், ஆனால் பஸ் போர்டு மாதிரி ஒரு விநாடியில் போய்விடும். உள்ளே போனதும் இரண்டு விஷயம் பாருங்கள். தேதி சரியாக இருக்கிறதா? ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா?

தேதிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். அதன் பெயர் சிஆர் 2032. பெயரிலேயே அளவு இருக்கிறது. 20 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், 32 என்றால் தடிமன் 3.2 மில்லிமீட்டர். 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கியிருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைப்பது இதுதான். பழைய மெஷின்களில் நாம் மாற்றி வைத்த அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் இதுதான். பேட்டரி தீர்ந்தால் தேதி ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குப் போகும். கூடவே பூட் வரிசையும், டிஸ்க்கோடு எந்த முறையில் பேசணும் என்ற அமைப்பும் கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பலாம். ஹார்ட் டிஸ்க் நல்லாத்தான் இருக்கும், பாட்டிக்குத்தான் மறதி. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது எழும்பாத கம்ப்யூட்டர்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பேட்டரியைத்தான் என்பது என் கருத்து. இரண்டு மாசம் கரண்டே இல்லாமல் கிடக்குமில்லையா? இந்தப் பேட்டரி கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். புதுசு போட்டபிறகு தேதியையும் வரிசையையும் மறுபடி சரிசெய்து சேமிக்கணும்.

ஹார்ட் டிஸ்க்கின் பெயர் பயாஸில் தெரிந்தால் நிம்மதி. டிஸ்க்கின் மூளைப் பலகை உயிரோடு இருக்கிறது, வயரும் சரி. பூட் வரிசையில் அந்தப் பெயரை முதலில் கொண்டுவந்து சேமித்துப் பாருங்கள். பெயரே தெரியவில்லை என்றால் பெட்டியைத் திறக்கணும். இதைச் சார் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்யணும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கியபிறகுதான் திருகாணியைத் தொடணும். சுவிட்சை அணைத்தது போதாது. உள்ளே கை வைப்பதற்கு முன் பெட்டியின் இரும்புப் பாகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்காமல் இருக்கும். எட்டாம் வகுப்பில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்துண்டை ஈர்க்க வைத்தோமே, அதே சமாச்சாரம்தான்.

ஹார்ட் டிஸ்க்குக்கு இரண்டு வயர் வரும். சாட்டா வகையில் மெல்லியது தகவல் வயர், அதில் 7 முனைகள். அகலமானது கரண்ட் வயர், அதில் 15 முனைகள். ரொம்பப் பழைய மெஷினில் 40 ஓட்டை உள்ள பட்டையான ரிப்பன் வயர் இருக்கும். இரண்டையும் கழற்றி, ஊதித் துடைத்து, அழுத்தி மாட்டுங்கள். தூசி போனாலே எழுந்துவிடும் டிஸ்க்குகள் உண்டு. நம்ம ஊரில் இன்னொன்றும் பார்க்கணும். எலி! பெட்டியின் பின்பக்கம் ஒரு தகடு கழன்றிருந்தால் போதும், எலிக்கு அது வாசல். வயரில் பல் பட்ட இடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வயர் மாற்றினால் முடிந்தது, டிஸ்க் மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது காது கொடுத்துக் கேட்பது. நல்ல ஹார்ட் டிஸ்க் ஆன் பண்ணியதும் 'ம்ம்ம்' என்று மெல்ல ஏறி ஒரே சீராக ஓடும். மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7200 சுற்று, மடிக்கணினியில் பெரும்பாலும் 5400. சுற்றும் சத்தமே இல்லையென்றால் கரண்ட் போகவில்லை அல்லது மோட்டார் போய்விட்டது. 'டக்... டக்... டக்' என்று ஒரே தாளத்தில் தட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீங்க. உள்ளே படிக்கிற தலை, தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டு போகிறது. நம் தலைமுடியின் தடிமனே பல ஆயிரம் நானோமீட்டர். அந்தத் தலை தட்டில் உரசினால் எழுத்து இருக்கும் பூச்சே சுரண்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். டிஸ்க்கை ஓங்கித் தட்டுவது, திறந்து பார்ப்பது எல்லாம் கூடவே கூடாது. ஒரு தூசி விழுந்தாலே அந்தத் தலைக்குப் பாறாங்கல். இந்த நிலையில் இருக்கிற டிஸ்க்குக்குத் தகவல் மீட்கிறவர்கள்தான் வழி, அதற்குச் செலவும் அதிகம். எஸ்எஸ்டி என்கிற புதுவகையில் சுற்றுகிற தட்டே கிடையாது, அதனால் சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சத்தம் சரி, பெயரும் தெரிகிறது, வரிசையும் சரி, ஆனாலும் எழும்பவில்லை. இப்படி ஒரு நிலைமை எங்கள் வீட்டிலேயே வந்தது. அதை எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் ஃபார்மட் ஆபத்து வரும்.

எங்கள் சித்தி 2012இல் பிளஸ் டூ படித்தபோது விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. அந்தத் திட்டம் 2011இல் தொடங்கியது. அப்போது கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம், 2007இல் வந்தது. ஆன் பண்ணினால் "எது வேண்டும்?" என்று ஒரு பட்டியல் வரும். சித்தி அதில் விண்டோஸை மட்டும்தான் பயன்படுத்துவாங்க. மகளிர் குழுவுக்குச் சித்திதான் கணக்கு எழுதுவது. பன்னிரண்டு பேரின் சேமிப்பு, யார் எவ்வளவு கடன் வாங்கினாங்க, எத்தனை தவணை கட்டினாங்க, எல்லாம் அந்த மடிக்கணினியில்தான். நோட்டில் இருந்தது போன வருஷம் வரைக்கும்தான்.

சித்தி மகன் படம் ஏற்ற இடம் பத்தலை என்று விண்டோஸுக்குள் போய், பெயரில்லாமல் கிடந்த ஒரு பகுதியைத் தேவையில்லாதது என்று நினைத்து அழித்துவிட்டான். அது லினக்ஸ் இருந்த பகுதி. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஆன் பண்ணினால் "எரர்: நோ சச் பார்ட்டிஷன்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "கிரப் ரெஸ்க்யூ" என்று எழுதி கோடு மின்னிக்கொண்டிருக்கிறது. டவுனில் ஒரு கடைக்கு எடுத்துப் போனாங்க. அங்கே இருந்தவர் திரையைப் பார்த்த மாத்திரத்தில் "டிஸ்க் அடி வாங்கிடுச்சும்மா, ஃபார்மட் பண்ணிப் பாக்கிறேன், இல்லேன்னா புதுசு போடணும்" என்று சொன்னாராம். "உள்ள இருக்கிற கணக்கு?" என்று கேட்டதற்கு "அதெல்லாம் வராது" என்று பதில். சித்தி அழுதுகொண்டே திருப்பி எடுத்துவந்துட்டாங்க. அடுத்த வாரம் வங்கியில் குழுக் கணக்கைக் காட்டணும். கணக்கு இல்லையென்றால் பன்னிரண்டு பேரும் சித்தியைத்தானே பார்ப்பாங்க?

எதிர்வீட்டு அண்ணன் பாலிடெக்னிக்கில் படிக்கிறாங்க. அவங்க அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரிச்சாங்க. "கிரப்னு பேர் சொல்லுதே, அப்ப டிஸ்க் படிக்குதுன்னு அர்த்தம் சித்தி, பயப்படாதீங்க" என்றாங்க. கிரப் என்பது லினக்ஸோடு வரும் பூட் லோடர். அது டிஸ்க்கில் ஒரே இடத்தில் இருக்காது. ஒரு துண்டு முதல் செக்டாரின் 446 பைட்டில் இருக்கும். இன்னொரு துண்டு அதை அடுத்த காலி இடத்தில் இருக்கும். மிச்சமெல்லாம் லினக்ஸ் பகுதிக்குள் இருக்கும். லினக்ஸ் பகுதியை அழித்ததும் முதல் இரண்டு துண்டு மட்டும் நின்றுகொண்டு, மூன்றாவதைத் தேடி, காணவில்லையே என்று சொல்கிறது. அதாவது அம்மா எழுந்துட்டாங்க. என்னை எழுப்ப வந்தாங்க. என் பாய் இருந்த அறையே இல்லை. ஆனால் தம்பி பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறான்! விண்டோஸும் கணக்கும் அப்படியே இருக்கின்றன. எழுப்பத்தான் ஆளில்லை.

அண்ணன் உடனே சரிபண்ண ஆரம்பிக்கவில்லை. இதைத்தான் நான் ரொம்பக் கவனித்தேன். முதலில் ஒரு பென்டிரைவில் இருந்து லினக்ஸை ஓடவிட்டாங்க. இப்படி ஓட்டுவதற்குப் பெயர் லைவ். டிஸ்க்கில் எதையும் எழுதாமல், பென்டிரைவிலிருந்தும் நினைவகத்திலிருந்துமே கம்ப்யூட்டர் ஓடும். பயாஸ் வரிசையில் பென்டிரைவை முதலில் வைத்தால் போதும். பென்டிரைவ் அழிக்கப்பட்ட லினக்ஸுக்குப் பதிலாக வந்தது அல்ல, சும்மா உள்ளே எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல். ஃபைல்கள் தெரிந்தன. சித்தியின் கணக்கு ஃபைல் தெரிந்ததும் சித்தி முகத்தைப் பார்க்கணுமே! அதையும் மற்ற ஃபைல்களையும் இன்னொரு பென்டிரைவுக்குக் காப்பி பண்ணி, அந்தக் காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தபிறகுதான் அண்ணன் பழுதைத் தொட்டாங்க.

பழுது பார்த்தது ஐந்து நிமிஷம்கூட இல்லை. விண்டோஸ் 7 நிறுவும் டிஸ்க்கில் இருந்து கிளப்பி, நிறுவு என்பதைத் தொடாமல், பழுதுபார் என்பதைத் தேர்ந்தெடுத்து, கட்டளைத் திரைக்குப் போனாங்க. அங்கே பூட்ரெக் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஃபிக்ஸ்எம்பிஆர் என்று எழுதி எண்டர். இந்தக் கட்டளை முதல் செக்டாரின் நிரலை மட்டும் விண்டோஸுக்கு ஏற்றபடி புதுசாக எழுதும். பகுதிகளின் அட்டவணையான அந்த 64 பைட்டைத் தொடாது. மறுபடி ஆன் பண்ணினதும் விண்டோஸ் நேராக எழுந்தது. பட்டியல் வரவே இல்லை. பாஸ் போனது போனதுதான், அதற்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

எக்ஸ்பி மெஷினாக இருந்தால் இதே வேலைக்கு ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட் என்று தனித்தனிக் கட்டளைகள். விஸ்டாவில் இருந்து பூட்ரெக். "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று வந்தால் அதே பழுதுபார் பக்கத்தில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் என்று ஒன்று இருக்கும். அதை இரண்டு மூன்று தடவை ஓடவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கரண்ட் திடீரென்று போய் அதற்கப்புறம் எழும்பாத கம்ப்யூட்டர்களும் உண்டு. ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எழுதியது பாதியில் நின்றுவிடும். அதைச் சரிபார்க்க செக்டிஸ்க் என்று ஒரு கட்டளை இருக்கிறது. இதிலும் ஓர் எச்சரிக்கை. சரிபண்ணச் சொல்லி ஓடவிட்டால் அது டிஸ்க்கில் எழுதும். டிஸ்க்கே கெட ஆரம்பித்திருந்தால் இது நிலைமையை மோசமாக்கலாம். அதனால் முதலில் லைவ் பென்டிரைவில் போய்க் காப்பி, அப்புறம் செக்டிஸ்க். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். லைவ் லினக்ஸில் டிஸ்க் பார்க்கும் நிரலில் அதைப் படிக்கலாம். கெட்டுப்போன செக்டார்களுக்குப் பதில் வேறு இடம் ஒதுக்கிய எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்குக்கு வயசாகிவிட்டது, பழுது பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

ஃபார்மட் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டால், சீக்கிர ஃபார்மட் எல்லா எழுத்தையும் அழிப்பதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் வெறுமையாக்கும். ஆனால் அதற்குமேல் புது விண்டோஸைப் போடும்போது பழைய ஃபைல் இருந்த இடத்திலேயே புதுசு உட்காரும். நூலகத்தில் பட்டியல் நோட்டைக் கிழித்துவிட்டு, அலமாரியில் வேறு புத்தகத்தையும் அடுக்கிய மாதிரி. முதலாவதோடு நின்றிருந்தால் தேடி எடுக்க வழி உண்டு. இரண்டாவதும் ஆனபிறகு இல்லை. சித்தி அந்தக் கடையில் "சரி, பண்ணுங்க" என்று சொல்லியிருந்தால் கணக்கு நிஜமாகவே போயிருக்கும்.

புது மெஷின்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். (நின்றுகொண்டே படிக்கிறீர்கள், கால் வலிக்கும். சீக்கிரம் முடிக்கிறேன்.) இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் பழைய பயாஸ் இல்லை, யுஇஎஃப்ஐ என்று ஒன்று இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் பகுதியின் அளவை எழுத 32 பிட்தான் இடம். ஒரு செக்டார் 512 பைட். 512 என்பது 2இன் அடுக்கு 9. ஆக 2இன் அடுக்கு 32ஐயும் 2இன் அடுக்கு 9ஐயும் பெருக்கினால், அடுக்கைக் கூட்டு, 2இன் அடுக்கு 41 பைட். அதாவது 2 டெராபைட். அதைவிடப் பெரிய டிஸ்க் வந்தபோது பழைய அட்டவணையில் எழுத இடமில்லை. கணக்கு டீச்சர் அடுக்குக்குறி எதற்குப் பயன்படும் என்று கேட்டால் இதைச் சொல்லலாம்!

புது ஏற்பாட்டில் அட்டவணைக்கு ஜிபிடி என்று பெயர். அதன் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். முன்னால் இருப்பது கெட்டால் பின்னால் இருப்பதை வைத்து மீட்கலாம். நல்ல யோசனை இல்லையா? புதுப் பாட்டி 512 பைட்டோடு நிற்பதில்லை. டிஸ்க்கில் பூட் லோடர்களுக்கென்றே ஒரு சின்னப் பகுதி இருக்கும், அதற்குள் போய் ஃபைலைப் பெயர் சொல்லித் தேடி எடுக்கும். அதனால் இங்கே ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளையால் பயனில்லை. புது மெஷினில் எழும்பவில்லை என்றால் செட்டப்பில் லெகசி, யுஇஎஃப்ஐ என்று இருக்கும் அமைப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். யுஇஎஃப்ஐ முறையில் நிறுவிய விண்டோஸை லெகசியில் தேடினால் கிடைக்காது. முன்பு இருந்தபடி மாற்றி வைத்தால் எழுந்துவிடும்.

சில புது மடிக்கணினிகளில் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கும், அதற்கு பிட்லாக்கர் என்று பெயர். செட்டப்பில் எதையாவது மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். லைவ் பென்டிரைவில் பார்த்தாலும் அந்த எண் இல்லாமல் ஃபைல் திறக்காது. உங்கள் வீட்டில் அப்படிப்பட்டது இருந்தால், நல்லா ஓடுகிற இப்போதே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

லைவ் பென்டிரைவையும் கம்ப்யூட்டர் நல்லா இருக்கும்போதே தயார் பண்ணிக்கொள்வது வசதி. எழும்பாத மெஷினில் அதைத் தயாரிக்க முடியாது, வேறு மெஷின் தேடி அலையணும். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். தயாரிக்கும்போது அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதனால் அக்காவோட கல்யாணப் படம் இருக்கிற பென்டிரைவை எடுத்துவந்துடாதீங்க, காலியானதாகப் பார்த்து எடுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி